எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாய்

"கறுப்புக் கோட்டைக் கழட்டுடி. இன்னைக்கு நீ வக்கீல் இல்ல, அம்மா."

நீதிமன்ற வராந்தாவில் வைத்தே தோழி அதட்டினாள். அவளும் வக்கீல்தான். தொண்டை கிழிய வாதாடுவதால் கோர்ட் வட்டாரத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள், ஆனால் மனசு தங்கம்.

இவள் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். பதினைந்து வருடமாக ஊரார் வழக்குக்கெல்லாம் வாதாடியவள், இன்று சொந்த வழக்குக்கு வந்து நிற்கிறாள். விவாகரத்து போன மாதமே முடிந்துவிட்டது. அதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஏழு வயது மகள் யாரிடம் வளர்வது என்பதை இன்று முடிவு செய்யப்போகிறார்கள். அதை நினைத்தால்தான் கண் நிறைந்தது.

"காலையில பாப்பா என்ன சொன்னா?"

"'சாயங்காலம் ஸ்கூலுக்கு நீ வருவியா, அப்பா வருவாரா'ன்னு கேட்டா. நான் குனிஞ்சு ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டேன்."

"நீதான் போவே. கண்ணைத் துடை. எதிர்த்தரப்புல ஏதோ பழைய தீர்ப்பைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. இப்பதான் ஜெராக்ஸ் குடுத்தாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தினது. நர்ஸ் வேலை பார்த்த ஒரு அம்மாகிட்டயிருந்து பிள்ளையைப் பிடுங்கி அப்பன் கையில குடுத்திருக்கு மேல்கோர்ட். பாரு."

நான்கே தாள்கள். முதல் பத்தியைப் படித்ததுமே இவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதை நம்மால உடைக்க முடியாதுடி."

"என்னடி பேச்சு இது? நாம பார்க்காததா? சீனியர் ஆபீஸ்ல மூணு வருஷம் டீ வாங்கிக் குடுத்தோமே, ஒருநாளாவது வாயைத் திறக்க விட்டாங்களா? பொம்பளை வாதாடினா கட்சிக்காரன் ஓடிருவான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அந்த வைராக்கியத்துலதானே நீ ஊரை விட்டுப் போய் தலையெடுத்துத் திரும்பி வந்தே? நாலு தாளைப் பார்த்து நடுங்கறியே!"

"அது இல்லடி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…"

அதற்குள் உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கணவன் தரப்பு வக்கீல் வயதானவர். குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவரிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

"ஐயா, இந்த அம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை. கெட்டிக்கார வக்கீல். சிக்கலே அதுதான். பள்ளிக்கூடம் மூணரைக்கு விடுது. இவங்க வீட்டுக்கு வர எட்டாகுது. அதுவரைக்கும் குழந்தை பக்கத்து வீட்டு சோபாவுல உக்காந்து வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கு. அப்பா வீட்டுலேருந்தே வேலை பார்க்கிறவர். முன்னாடி இதே மாதிரி வழக்குல அப்பா தரப்பு வச்ச வாதத்தை மேல்கோர்ட் அப்படியே ஏத்துக்கிட்டிருக்கு."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இல்லாதவள், தூங்கும் குழந்தைக்கு மட்டுமே தாய்.'"

இவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நீதிபதி பேனாவை எடுத்து எதையோ குறித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று இவளுக்குத் தோன்றியது.

பட்டாசு வெடித்தாள்.

"ஐயா, எட்டு மணிக்கு வர்ற அப்பனை எந்தக் கோர்ட்டாவது கூண்டுல நிறுத்திக் கேட்டிருக்கா? ராத்திரியெல்லாம் யார் யார் பிள்ளைக்கோ காய்ச்சல் பார்த்த நர்ஸ், தன் பிள்ளைக்குத் தாய் இல்லையா? இந்த வாதத்தை வச்ச மகானை எனக்குத் தெரியாது. ஆனா ஆளைப் பார்த்த மாதிரி சொல்லுவேன். வேளாவேளைக்குத் தட்டுல சோறு வந்து விழுந்திருக்கும். பெத்த பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னு கேட்டா, பொண்டாட்டி முகத்தைப் பார்த்திருப்பார்!"

கூடம் சிரித்தது. நீதிபதியின் உதட்டோரத்திலும் சிரிப்பு தெரிந்தது. இவள் பின்னாலிருந்து தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்டி. விட்டுரு."

விடுகிற ஆளா அவள்?

"ஒரு பொம்பளை வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்தை வருமாங்கய்யா? தலை போனாலும் வராது!"

நீதிபதி தாள்களைப் புரட்டினார். "அப்பா தரப்புக்கு யார் ஆஜரானாங்கன்னு இதுல இல்லையே?"

பெரியவர் சற்றுத் தயங்கினார். "முதல் பக்கத்துல இருக்குங்கய்யா. சபையில ஒருத்தரைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நான்தான் அதைச் சேர்க்கல."

"பரவாயில்ல, குடுங்க."

கொடுத்தார். நீதிபதி படித்தார். ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு பட்டாசைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்களா?"

"ஆமாங்கய்யா" என்றாள் இவள், தலை நிமிராமல். "நான் ஜெயிச்ச முதல் கேஸ்."