கயித்த இழுத்தவ

"எவ கயித்த இழுத்தது?"

முதலாளி மணவாளன் கத்துன கத்துல திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே மூச்ச அடக்கிக்கிச்சு. அட்டைப்பெட்டி ஒட்டுற மெஷின் பொட்டுன்னு நின்னு போயிருந்துச்சு.

உருளைகிட்ட நின்னுட்டிருந்த எட்மண்ட் திடுக்கிட்டுப் பின்னால நகந்தான். அதுவரைக்கும் அவன் இங்கயே இல்ல! கனவுல இருந்தான். மஞ்ச வெயிலு, பல்லவன் பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம், அத்தன பேர் கையிலயும் பத்து வெரலும் முழுசா... புள்ளயத் தூக்குற கை, பூ தொடுக்கிற கை...

ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். பாதுகாப்பு ஆபீசரா புதுசா சேந்தவன். அவன் போட்ட திட்டத்துக்கு உசுரே மெஷின் நெடுக தலைக்கு மேல ஓடுற அந்தச் சிவப்புக் கயிறுதான். ஆபத்துன்னு பட்டா யார் வேணா இழுக்கலாம். மெஷின் நிக்கும்.

அதப் பாக்கத்தான் முதலாளி இன்னைக்கு வந்திருந்தாரு.

"நான்தான் சார். கை தவறிப் பட்டுடுச்சு"ன்னா வேம்புலியம்மாள். தினக்கூலி.

"பசையெல்லாம் காயுது, கை தவறிடுச்சாம்! எட்மண்ட், உன் திட்டம் நல்லாத்தான்யா இருக்கு. ஆளுதான் சரியில்ல. இவள இன்னையோட அனுப்பிடு."

அவரு அந்தாண்ட போனதும் எட்மண்ட் பொரிஞ்சு தள்ளுனான்.

"ஏம்மா, வெளயாட என் கயிறுதான் கெடச்சுதா? நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்கிட்டியே!"

"கோச்சுக்காத சார். கெளம்புறேன்."

"இரு. கைய நல்லா நீட்டுனாத்தான் அது எட்டும். எப்படிம்மா தவறும்?"

அவ அக்கம்பக்கம் பாத்தா. அவன் கழுத்துல தொங்குன டைய எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுனா.

நுனி உருளைல மாட்டுனதுல, பசையோட அப்பளமா நசுங்கிக் கெடந்துச்சு.

எட்மண்ட் அந்த நுனியத் தொட்டுப் பாத்தான். "நா... நானா?"

"கண்ணத் தொறந்துகினே எங்கியோ பூட்ட. கூவுனேன், காதுல உழல."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா!" முதலாளி ரூம் பக்கம் ஓடப் பாத்தான்.

அவ அவன் சட்டையப் புடிச்சு நிறுத்துனா.

"சும்மா இரு சார். எனக்கு இந்த எஸ்டேட்ல வேற கம்பெனி கீது. உன்ன அனுப்பிட்டாருன்னா, அந்தக் கயித்த நாளைக்கு உட்டு வைப்பாரா?"