தானாக ஏறும் வண்டி

"மறுபடியும் மூக்கைத் தூக்கிடுச்சுங்க!"

காரை விட்டு இறங்கியதும் பல் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மெக்கானிக்குக்குக் காது சூடாகிவிட்டது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. இரண்டையும் மறைக்க, துடைத்த கையையே பழந்துணியில் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"போன மாசம்தானே டாக்டர் இறக்கி விட்டேன்?"

"இறங்கித்தான் இருந்துச்சு. இப்போ பாருங்க."

அவளுடைய அப்பா விட்டுப்போன அந்தப் பழைய நீலக் காரின் முன்பக்கம், யாரிடமோ கோபித்துக்கொண்டது மாதிரி நிமிர்ந்து நின்றது. டாக்டர் கொஞ்சம் குள்ளம். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தால் பானெட் தெரியும், ரோடு தெரியாது. முன்பக்கத்தை இரண்டு விரல் இறக்கித் தாருங்கள் என்றுதான் முதன்முதலில் வந்தாள்.

இறக்கியதும் பழைய ஷாக் அப்சார்பர் நீளம் அதிகமாகி, பள்ளத்துக்குப் பள்ளம் இடித்தது. குட்டையாக வேறு வாங்க வேண்டியதாயிற்று. கேஸா, ஆயிலா என்று இருவரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள்.

"கேஸ் ஷாக் போட்டா வண்டி விறைப்பா நிக்கும், வளைவுல நல்லாருக்கும். ஆயில்னா பள்ளம் தெரியாம மெத்துனு போகும்" என்றான்.

"நாள் முழுக்க அடுத்தவங்க வலியையே பார்த்துட்டு வர்றேன். எனக்கு மெத்துனே இருக்கட்டும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவன் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறான். அதற்கப்புறம் முன்பக்கம் ஏறிவிட்டது என்று அவள் வருவது இது நாலாவது தடவை.

டார்ச் எடுக்க உள்ளே போனான். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருந்த அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த டாக்டரம்மா எனக்குப் பல்லு அடைச்சாங்களே, எது பல்லு, எது அடைச்சதுன்னு எனக்கே தெரியல. வேலைன்னா அப்படி இருக்கணும். நீயும் இருக்கியே! வேணும்னே தப்பாப் பண்றியா?"

"அக்கா!"

"இல்லடா, அந்தம்மா வரேன்னு போன் பண்ணினா உடனே ஷேவிங் நடக்குதே, அதான் கேட்டேன்."

"தொழில்ல விளையாட மாட்டேன்க்கா."

அது சத்தியம். வண்டி சரியாகிவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள், சரியாகாமலே இருந்துவிடக் கூடாதா என்று மனசு ஏங்கத்தான் செய்தது. ஆனால் ஸ்பேனரைப் பிடித்த கை அந்த ஏக்கத்துக்குக் காது கொடுக்காது. கொடுத்து மட்டும் என்ன? டாக்டர் எங்கே, கிரீஸ் நாற்றத்தோடு திரியும் அவன் எங்கே! ஏணி வைத்தாலும் எட்டாது.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கக்கா?"

"அது இந்த வண்டி முதல்ல வந்த அன்னிக்கே தொலைஞ்சு போச்சு. எத்தனை தடவை கேப்பே? புதுசை எடு."

காருக்கு அடியில் போய்ப் படுத்தான். போன தடவையே சந்தேகப்பட்டு, உயரத்தை வைக்கும் போல்ட்டையும் பக்கத்துச் சட்டத்தையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தான். போல்ட் துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச் அடித்தான். கோடு முறியவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி நேராக இருந்தது.

அப்படியென்றால் போல்ட் திரும்பவில்லை. கோளாறு எங்கே என்று தெரியவில்லை. தெரியாத கோளாறுக்கு அவளை எத்தனை தடவை அலைய வைப்பது? வெளியே வந்தபோது முகம் விழுந்திருந்தது.

"டாக்டர், வயசாகி இறங்குற வண்டி பார்த்திருக்கேன். தானா ஏறுற வண்டியை இப்பத்தான் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடல. மெயின் ரோட்டுல பெரிய ஒர்க்‌ஷாப் ஒண்ணு இருக்கு. அங்க காட்டிடுங்க."

"அப்போ இங்க?"

"இங்க இனிமே வர வேண்டாங்க."

கவுன்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லையே!"

"குத்தம் இல்லாமயா நாலு தடவை வந்திருக்கீங்க? உங்களை இதுக்கு மேல அலைக்கழிக்க எனக்கு மனசு வரல. நேத்துகூட நினைச்சேன்... சரி, விடுங்க. போயிட்டு வாங்க."

அவள் போகவில்லை. கைப்பையைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். கனமாக இருந்தது.

பிரித்தான். பதினேழாம் நம்பர் ஸ்பேனர். அதன் வாயில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"முதல் நாளே என் வண்டியில மறந்து வச்சிட்டீங்க" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஜாக்கி போட்டு அந்த போல்ட்டைத் திருப்புறதுகூடப் பழகிடுச்சு. அந்தக் கோட்டை அதே மாதிரி திரும்ப வரையறதுக்குத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஆச்சு."