வியாழக்கிழமை, பத்து இருபது

டாக்டர் என் இதயம் ஓடிய ஓட்டத்தை நீளக் காகிதமாக மேஜைமேல் விரித்துப் போட்டார்.

பக்கத்தில் என் நோட்டு. உடம்பில் திடீரென்று சூடு ஏறி, வியர்த்து, நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் நேரம் பார்த்து நான் எழுதிவைக்க வேண்டிய நோட்டு.

டாக்டர் பேசினார். என்னைப் பார்த்து அல்ல, கன்னக்குழியைப் பார்த்து. காது கேட்காதவளுக்கு முகமும் கிடையாது என்று இவர்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ!

கன்னக்குழி, டாக்டர் பேசுவதை எனக்குச் சைகையில் மொழிபெயர்ப்பவள். எங்கள் ஆட்கள் ஒருவரை எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். கன்னத்தில் விரலை வைத்துத் திருகினால் அவள்.

டாக்டரின் பேச்சு அவள் கைகளில் வந்தது.

"நீங்க எழுதியிருக்கிற நேரத்துல எல்லாம் மெஷின்ல ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு மாசமும் காலையில பத்து இருபதுக்குத்தான் துடிப்பு எகிறுது. அங்க நீங்க ஒண்ணும் எழுதல. டைம் தப்பா எழுதிட்டீங்களா? இல்ல, படபடப்பே நின்னுடுச்சா? நின்னிருந்தா சந்தோஷம், இனிமே நீங்க அலைய வேண்டாம்."

மாட்டிக்கொண்டேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்து, இதயம் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி இது. இத்தனை வருடம் எங்களைப் போன்றவர்களை யாரும் சீண்டியதில்லை. இந்த முறை பெரிய மனது வைத்து மூன்று பேரைச் சேர்த்திருக்கிறார்கள். மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, நர்ஸ் என் நெஞ்சில் கருவியை ஒட்டுவாள். மறுநாள் கழற்றும்வரை அது துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும்.

மாத்திரை மூன்றாம் மாதமே வேலையைக் காட்டிவிட்டது. சூடும் இல்லை, வியர்வையும் இல்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதமாக நான் எழுதியது அத்தனையும் புளுகு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிறவள். கூட வேலை செய்பவர்கள் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாயிற்றா என்று காட்டுவார்கள். தலையாட்டுவேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் என்னோடு சைகையில் பேசிய ஒரே ஆள் என் அக்கா. அவள் போய் நான்கு வருடமாகிறது. பள்ளியில் கூடப் படித்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

கன்னக்குழி பஸ் பிடித்துப் பத்து இருபதுக்கு வந்து சேருவாள். டாக்டர் கூப்பிட எப்படியும் அரைமணி நேரம் ஆகும்.

அந்த அரைமணியில் ஒரு மாதத்துப் பேச்சையும் கொட்டித் தீர்ப்பேன். முதலாளி தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நடையை நடந்தே காட்டுவேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போதும், போதும் என்று என் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

வெளியே எங்காவது பார்க்கலாமா என்று கேட்க ஆசைதான். ஆனால் அவள் சம்பளத்துக்கு வருகிறவள். பாவம் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் உண்டா?

இப்போது அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றால் போதும். டாக்டரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மூன்றே பேரில் நான் ஒருத்தி. எனக்கு மாத்திரை பலிக்கவில்லை என்று கணக்கில் ஏறினால், நாளைக்கு எங்களைப் போல இன்னொருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, கொடுக்கலாமா வேண்டாமா என்று கையைப் பிசைவார்கள். வெட்கமாக இருந்தது.

கையைத் தூக்கினேன்.

"மூணாவது மாசமே நின்னுடுச்சு. எழுதினதெல்லாம் பொய். பத்து இருபதுக்கு நீ வருவ."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிப் பேசினாள். பக்கவாட்டில் எனக்கு உதடு பிடிபடாது. ஆனால் அவள் பேசியது நான் சொன்னதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது.

டாக்டர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் படிக்க எனக்கு நன்றாகவே வரும்.

'நேரம் தவறாகக் குறித்துள்ளார். படபடப்பு தொடர்கிறது. இன்னும் ஓராண்டு வர வேண்டும்.'

அடிப்பாவி!

சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு வார்த்தை மாற்றியது தெரிந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மேஜைக்குக் கீழே, டாக்டர் கண்ணில் படாமல், அவள் கைகள் அசைந்தன.

"எனக்கும் அந்த அரைமணிதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து மாதம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவள்? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

டாக்டர் கையெழுத்துக்காக ஃபாரத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

அவர் எழுதியிருந்த வரிகளின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கன்னக்குழி மேஜைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம் என்கிறாள். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மற்றக் கையால், 'மூன்றாம் மாதமே குணமாகிவிட்டது. சற்றுமுன் உங்களிடம் சொன்னது பொய். சொன்னது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.