ஃபேன் இல்லாத கார்டு

"மறுபடியும் ரிட்டர்னா சார்?"

கம்ப்யூட்டர் கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டை வாங்கி மேசைமேல் வைத்தார். கார்டைப் பார்க்கவில்லை. வந்தவன் முகத்தைப் பார்த்தார்.

வந்தவன் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே ஒரு ஷெட்டையே அதட்டி மேய்க்கிறவனுக்கு, வீட்டில் ஓர் அப்பாவைச் சமாளிக்க முடியவில்லை.

"சத்தம் போடுதாம்."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"அன்னிக்கு உங்ககூட வந்தாரே, நான் தொண்டை கிழியப் பேசியும் 'என்ன, என்ன'ன்னு கேட்டாரே, அவருக்கா?"

"அவருக்கேதான்."

கடைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அப்பாவின் காதில் பாதியை மெஷின் ஷெட் தின்றது. மீதியை மேடை ஒலிபெருக்கிகள் தின்றன. தொழிற்சங்கம் கலைந்து போனாலும் தெருவில் அவருக்கு இன்னும் 'தலைவர்' என்றுதான் பெயர். மகன் சூப்பர்வைசர் ஆன அன்று, "அந்தப் பக்கம் போயிட்டே" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் பேசியதெல்லாம் கரண்ட் பில், மாத்திரை, அவ்வளவுதான்.

அந்த விரிசலை ஒட்டத்தான் மகன் தன் பழைய கம்ப்யூட்டரை அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டிவியில் இணைத்தான். அப்பா சத்தத்தை மூடிவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்தே படம் பார்ப்பார். பெரிய படங்கள் திக்கித் திக்கி ஓடியதால் ஒரு கார்டு தேவைப்பட்டது. இருப்பதிலேயே மலிவானதைப் போட்டான்.

அப்பா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அதை வைத்திருந்த பலகைக்குப் பின்னால், சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"சத்தம்" என்றார்.

அடுத்து இரண்டு ஃபேன் வைத்தது. நிதானமாகச் சுற்றும், மூச்சுவிடுவதுகூடத் தெரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. அதற்கும் சுவரில் கை. அதற்கும் "சத்தம்."

அம்மா போனில் சொன்னது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பகலெல்லாம் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாராம். பொழுது சாய்ந்தால்தான் சுவிட்சைத் தொடுகிறாராம்.

மகனுக்கு விளங்கிவிட்டது. இது பகிஷ்காரம். சூப்பர்வைசர் சம்பளத்தில் வந்த பொருளுக்கு எதிரான பகிஷ்காரம்.

"ஃபேனே இல்லாத கார்டு ஒண்ணு இருக்கு சார்," என்றார் கடைக்காரர். "கேம் விளையாட லாயக்கில்ல. படம் பாக்கத் தாராளம். ஆனா விலை கொஞ்சம் கூட."

"ஃபேன் இல்லாததுக்கு விலை கூடவா?"

"ஓடி உழைக்கிறதைவிட சும்மா உக்காந்திருக்கிறதுக்குத்தானே சார் எப்பவும் மதிப்பு."

இதுதான் கடைசி, இதையும் வேண்டாமென்றால் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விடுவது, அந்த வீட்டுக்கு இனி ஒரு துரும்புகூட வாங்குவதில்லை என்று முடிவுகட்டி வாங்கினான்.

கார்டோடு போனபோது, வீட்டு மாடிப்படியில் அப்பா பேப்பரோடு ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர், கசங்கிய காவலாளி உடுப்பில், கண் சொக்க ஏறி வந்தார். அப்பா சட்டென்று நின்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஆள் ஒதுங்கிக் கடந்து போனதும், தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"கருங்காலி."

பெரிய வேலைநிறுத்தத்தில், எல்லாரும் வெளியே நின்றபோது கேட்டைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போன ஒரே ஆள். அன்றோடு பேச்சு அறுந்தது. குறைந்த வாடகை இருவரையும் அடுத்தடுத்த வீட்டில் கொண்டுவந்து தள்ளியிருந்தது.

"இன்னும் எத்தனை காலத்துக்குப்பா இது?" என்று அவர் காதருகே போய்க் கேட்டான்.

"சாகிற வரைக்கும்."

இப்படிப்பட்ட மனுஷன் பெற்ற மகனை மட்டும் மன்னித்துவிடுவாரா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனான்.

துண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்தான். பழைய கார்டு இருந்த இடத்தில் புதியதை மாட்டி, நோண்டி, சரிபார்த்து முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. தன் காதுக்கே ஒரு முணுமுணுப்பும் இல்லை.

அப்பா எழுந்தார். மறுபடியும் சுவர். மறுபடியும் உள்ளங்கை. கண்ணை மூடிக்கொண்டார்.

மகனுக்குப் பொறுமை அறுந்தது.

"ஃபேனே இல்லப்பா அதுல. எங்கேருந்து வரும் சத்தம்? என் காசு வேண்டாம்னா நேரா சொல்லுங்க. கேக்காத காதை வெச்சுக்கிட்டு சத்தம்னு ஏன் சாக்கு சொல்றீங்க?"

காது கேட்பதற்காகக் கத்தியது பாதி, ஆத்திரத்தில் கத்தியது பாதி.

அப்பா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். மகனின் கையைப் பிடித்து இழுத்துச் சுவரில் அழுத்தினார்.

சுவர் என்று பேர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே அடித்த வெறும் பலகை. அதில் மெல்லிய அதிர்வு ஒன்று வந்துவந்து போனது. கம்ப்யூட்டரிலிருந்து அல்ல. அந்தப் பக்கத்திலிருந்து. சீரான, களைத்த குறட்டை.

மைக் இல்லாமலே ஒரு மைதானத்துக்குப் பேசக்கூடியவர், மகனுக்குத் தெரிந்து முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"கார்டு சத்தம் போடல. நீதான் போடறே. அவன் கருங்காலிதான். அதுக்காக, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தவன் தூக்கத்தைக் கெடுக்கலாமா?"