எரிமலையின் புகை

கூடத்துச் சுவரில் தொங்கிய பழைய ஓவியத்தில் ஒரு கடற்கரை நகரம், அதன் தலைக்கு மேலே ஒரு எரிமலை.

"என் புகையைப் பார்த்தியா? வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. ஒருநாள் ஊரையே சாம்பலாக்கிடுவேன்!" என்று மலை தினமும் மிரட்டும். கரையோரத்துச் சின்னப் படகு, "ஊரை விட்டுடுங்க ஐயா" என்று கெஞ்சும்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா ஓவியத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். புகை மொத்தமும் துணியோடு போய்விட்டது. அத்தனையும் தூசி! மலையுச்சியில், ஓவியர் வரைந்த ஆடு ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது.

படகு நிமிர்ந்து பார்த்தது. மலை தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"பாவமா இருந்துச்சு. நானே அணைச்சுட்டேன்."

ஆடு தலையைத் தூக்கியது.

"தினமும் கத்துறது நீதானா? மனுஷன் நிம்மதியா மேய வேணாமா?"