நாக்கின் அடியில்

என் கணவருக்கு இருதுருவ மனநோய். உறங்காமல் பாடிக்கொண்டே இருக்கும் வாரங்களும், போர்வையை விட்டு எழாத வாரங்களும் மாறி மாறி வந்தன. மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள். மாத்திரையை அவர் நாக்கின் அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்பிவிடுவார். ஆகவே காலைதோறும் தண்ணீர்த் தம்ளருடன் எதிரே அமர்ந்து, "நாக்கத் தூக்குங்க" என்பேன். "போலீஸ்காரி!" என்று வைதபடி என் முகத்தருகே வாயைத் திறப்பார். வேறு எவரிடமும் அவர் அவ்வாறு வாய் திறந்ததில்லை.

நான்காவது மருந்து ஒத்துக்கொண்டது. நானும் மகிழ்ந்தேன், கோயிலில் விளக்கேற்றினேன். இன்று காலை தம்ளருடன் சென்றபோது, அவர் குளித்துச் சட்டையணிந்து கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மாத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சு டாக்டரம்மா."

ஒரு சிறிய வெள்ளை வில்லையின்மீது பொறாமைப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாக்கத் தூக்குங்க."

"அப்பவே போட்டாச்சு, பூங்கோதை. இனிமே உனக்கு அந்த வேலை இல்ல" என்று சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணீரை நானே குடித்தேன். பிறகு கண்ணாடியின் முன் அமர்ந்து, வாயைத் திறந்து, மெதுவாக நாக்கைத் தூக்கினேன்.