பல்லியம் என்றால் போர்வை

"டாக்டர் இங்கிலீசுல என்னமோ சொன்னாரே, என்னாடி அது?" என்று அழகம்மா கேட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகள் துஷாந்தினி, உக்குவளையில் ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர். இனி நோய் குணமாகாது, வலியை மட்டும் குறைக்கலாம் என்பதைத்தான் டாக்டர் அந்த ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா அதைத் தாங்க மாட்டாள்.

"பேலியேட்டிவ்னு சொன்னாரும்மா. லத்தீன்ல பல்லியம்னு ஒரு சொல்லு இருக்கு. அதுலருந்து வந்தது."

"பல்லியா? எந்தப் பக்கம் சொல்லுச்சாம்?"

துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லி இல்லம்மா, பல்லியம். போர்வைன்னு அர்த்தம். குளிர் படாம பாத்துக்கிட்டா போதுமாம்."

முதல் பாதி உண்மைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போடும் கம்பளியை மறுநாள் அழகம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவந்து மகளுக்குப் போர்த்திவிட்டாள்.

"இந்தா ஒன் பல்லி. இனிச் சொகமாயிரும்."

துஷாந்தினி கண்களை மூடிக்கொண்டாள். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, பக்கத்துக் கட்டில் அபீபா அழகம்மாவிடம் மெல்லக் கேட்டாள். "கம்பளி போட்டா சரியாகுமா புள்ள?"

"எங்க சரியாகுறது? நர்ஸ் நோனா முன்னாடியே சிங்களத்துல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. புள்ளைக்குத் தெரியுமான்னு பாக்கத்தான் அந்தச் சொல்லக் கேட்டேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிப் போர்வைக் கதை சொல்லுது. அப்படியே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்."

துஷாந்தினி கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டாள். தடித்த கம்பளி. உள்ளே அழுதது வெளியே கேட்கவில்லை.